இழுக்கும் சரி, தாங்குமா?

இன்னைக்கு விருந்தாளி யாரும் கிடையாது, நான் மட்டும்தான். போன மாசம் ஒரு எபிசோட்ல "டிரெய்லர் இழுத்துட்டுக் கிராண்ட் கேன்யன் போய்ட்டு வந்தோம், அது ஒரு பெரிய கதை"ன்னு சொல்லிட்டு வேற எங்கயோ போய்ட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டு நிறைய பேர் கேட்டீங்க. எந்தக் கார், எவ்ளோ மைலேஜ், லக்‌ஷரி எஸ்யூவியை வச்சு டிரெய்லர் இழுக்கலாமா, பிக்கப் டிரக்தான் வேணுமா. எல்லாத்துக்கும் பதில் சொல்றேன். ஆனா நடந்ததைச் சொல்லாம பதில் சொல்ல முடியாது.

முதல்ல ஒரு விஷயம். நம்ம ஊர்ல கேரவன்னா ஷூட்டிங்ல ஹீரோ ரெஸ்ட் எடுக்கிற ஏசி பஸ்தான் ஞாபகம் வரும். நான் சொல்றது அது இல்ல. இங்க அமெரிக்காவுல டிராவல் டிரெய்லர்னு சொல்லுவாங்க. இன்ஜின் கிடையாது. உள்ள கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் இருக்கும். கார் பின்னாடி கொக்கியில மாட்டி இழுக்கணும்.

எங்க கார் ஒரு ஐரோப்பியக் கம்பெனியோட மூணு வரிசை எஸ்யூவி. பேரு வேண்டாம், ஏன்னா தப்பு கார் மேல இல்ல, என் மேல. வாங்கும்போதே தொழிற்சாலையில பொருத்தின டோ பேக்கேஜ் போட்டுத்தான் வாங்கினேன். இந்த வகைக் கார்கள் எல்லாமே காகிதத்துல பெரிய பலசாலிங்க. பிஎம்டபிள்யூ எக்ஸ்7-க்கு அமெரிக்காவுல 7,500 பவுண்டு வரைக்கும் இழுக்கலாம்னு கணக்கு. மெர்சிடிஸ் ஜிஎல்எஸ்-க்கு 7,700. வால்வோ எக்ஸ்சி90-க்கு 5,000. 7,500 பவுண்டுன்னா நம்ம கணக்குல 3,400 கிலோ. எங்க காருக்கும் ஏழாயிரத்துச் சொச்சம். நான் வாங்கின டிரெய்லர், சாமான் எல்லாம் ஏத்தினா 5,800 பவுண்டு. அதான் ஆயிரத்துக்கு மேல மிச்சம் இருக்கேன்னு நிம்மதியா தூங்கினவன் நான்.

அப்பாவும் அம்மாவும் நாகர்கோவில்ல இருந்து வந்திருந்தாங்க. ஆறு மாச விசா. "கேன்யனைக் காட்டிடணும்"னு எனக்கு ஆசை. நான், மனைவி, ரெண்டு பசங்க, அப்பா, அம்மா. ஆறு பேர், ஒரு கார், ஒரு டிரெய்லர். ஃப்ரீமான்ட்ல இருந்து ஐ-5 பிடிச்சு, பேக்கர்ஸ்ஃபீல்டு வந்து, அங்கிருந்து 58-ல டெஹாச்சபி மலை ஏறி இறங்கினா மொஹாவி பாலைவனம். அப்புறம் பார்ஸ்டோ, ஐ-40. ஒரு பக்கத்துக்கு 750 மைலுக்கு மேல.

முதல் நாள் ஓட்டும்போது, உண்மையைச் சொல்றேன், சொர்க்கம். பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டி ஏத்தம் ஆரம்பிக்குது. பக்கத்துல சரக்கு லாரியெல்லாம் முக்கி முனகி ஏறுது. இந்த டர்போ இன்ஜின் ஒரு பெருமூச்சுகூட விடல. கண்ணாடி ரெட்டை அடுக்கு, காத்துச் சத்தமே உள்ள வராது. சீட்ல மசாஜ் ஓடுது. அம்மா பின் சீட்ல நல்லா தூங்கறாங்க. கண்ணாடியில பார்க்கலைன்னா பின்னாடி ஒரு வீடு வருதுங்கிறதே மறந்துபோகும். அன்னைக்கு இதைப் பெருமையா நினைச்சேன்.

மைலேஜ் கேட்டவங்களுக்கு: காலி காரா ஹைவேயில கேலனுக்கு 24 மைல் தர்ற கார், டிரெய்லர் மாட்டினதும் 10. அதுவும் பிரீமியம் பெட்ரோல். 200 மைலுக்கு ஒரு தடவை பங்க் தேடணும். எல்லா பங்க்லயும் டிரெய்லரோட திரும்பி வெளிய வர முடியாது. ஒரு பங்க்ல உள்ள போய்ட்டு, என் மனைவி இறங்கி நம்ம ஊர் பஸ் கண்டக்டர் மாதிரி "வரலாம் வரலாம், ரைட்ல ஒடி, ஓல்டான்!"னு கத்தி, கால் மணி நேரம் கழிச்சு வெளிய வந்தோம். (சிரிப்பு) அது தனி எபிசோடு.

டெஹாச்சபி உச்சி நாலாயிரம் அடிக்கு மேல. அங்க போனதும் ரெண்டு பக்கமும் மலை முழுக்கக் காற்றாலை. நாகர்கோவில்காரங்களுக்கு இது புதுசு இல்ல. ஆரல்வாய்மொழி கணவாய், முப்பந்தல் தாண்டி வந்தவங்களுக்கு அப்படியே அதே காட்சி. அப்பா ஜன்னல் வழியா பார்த்துட்டே சொன்னார்: "மக்களே, இத்தன காத்தாடி நிக்குன்னா இங்க காத்து சும்மாவா அடிக்கும்? மெதுவா போ." நான் "சரிப்பா"ன்னேன். மெதுவா போகல. ஸ்பீடோமீட்டரைப் பார்த்தா 65. கலிஃபோர்னியாவுல டிரெய்லர் இழுக்கிற எந்த வண்டிக்கும் அதிகபட்சம் 55-தான் சட்டம். எனக்கு அது தெரியும். ஆனா அந்த காருக்குள்ள 65-ங்கிறது 40 மாதிரி இருக்கு. உடம்புக்கு எதுவும் தெரியல.

மொஹாவி பக்கம் இறக்கம். இடது பக்கத்துல ஒரு பெரிய லாரி எங்களைத் தாண்டுது. அது தாண்டும்போது முதல்ல காத்தைத் தள்ளும், அப்புறம் இழுக்கும். அதே நேரத்துல கணவாய்க் காத்து பக்கவாட்டுல ஒரு அறை. டிரெய்லர் வால் லேசா இடது பக்கம் போச்சு. அப்புறம் வலது பக்கம், இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியா. மூணாவது தடவை போனப்ப காரோட பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்துச்சு. ஸ்டீயரிங் என் கையில இருக்கு, ஆனா வண்டி நான் சொல்றதைக் கேக்கல. பசங்க கத்துறாங்க. அம்மா எழுந்து "முருகா முருகா"ங்கிறாங்க.

இந்த இடத்துல என்ன செய்யணும்னு படிச்சிருந்தேன். கால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. எதிர்ப் பக்கம் ஸ்டீயரிங் ஒடிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்துட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால போடணும். டாஷ்போர்டுக்குக் கீழ அதுக்குன்னு ஒரு சின்ன கன்ட்ரோலர், ஒரு லீவர் இருக்கும். அதை அழுத்தினா டிரெய்லர் மட்டும் பின்னாடி இழுத்துப் பிடிச்சு நேராகும். படிச்சதெல்லாம் சரி, என் கால் முதல்ல போனது பிரேக்குக்குத்தான். தொட்டுட்டு எடுத்தேன். அப்புறம் லீவரை அழுத்தினேன். கார்ல இருக்கிற எலக்ட்ரானிக்ஸும் சக்கரம் சக்கரமா பிரேக் போட்டிருக்கணும், ஸ்கிரீன்ல மஞ்ச விளக்கு மின்னுச்சு. எது எங்களைக் காப்பாத்துச்சுன்னு இன்னைக்கும் எனக்குத் தெரியாது. ஏழெட்டு செகண்டு இருக்கும். நேராச்சு.

ஓரம் கட்டினேன். அஞ்சு நிமிஷம் யாரும் பேசல. என் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டா: "இந்த காருக்கு இது ஆகும்னு யார் சொன்னா?"

நான் 7,500-னு சொல்ல வாயெடுத்து, சொல்லல.

அடுத்து ஒரு டிரக் ஸ்டாப்ல எடை மேடை இருந்துச்சு. லாரிக்காரங்களுக்கானது, ஆனா யார் வேணா ஏறலாம். இருபது டாலர்கூட ஆகல. முன் சக்கரம், பின் சக்கரம், டிரெய்லர் சக்கரம் மூணுக்கும் தனித்தனியா எடை வரும். ஒரு தடவை டிரெய்லரோட, இன்னொரு தடவை அதைக் கழட்டிட்டு காரை மட்டும். ரெண்டு தடவையும் காரோட எடையில வர்ற வித்தியாசம்தான், டிரெய்லரோட மூக்கு காரோட கொக்கி மேல எவ்ளோ பாரம் வைக்குதுங்கிற கணக்கு. டங் வெயிட்னு சொல்லுவாங்க. டிரெய்லர் எடையில பத்துல இருந்து பதினஞ்சு சதவீதம் அது இருக்கணும். எங்க 5,800-க்கு குறைஞ்சது 580 வேணும். இருந்தது 480.

ஏன்னா நான் ஒரு புத்திசாலித்தனம் பண்ணியிருந்தேன். கார் பின்பக்கம் அழுந்தக் கூடாதுன்னு பசங்க சைக்கிளையெல்லாம் டிரெய்லரோட கடைசி பம்பர்ல மாட்டியிருந்தேன். தண்ணி டேங்க் எங்க டிரெய்லர்ல ஆக்சிலுக்குப் பின்னாடி. அதை 40 கேலன் ஃபுல்லா நிரப்பியிருந்தேன், அதுவே 330 பவுண்டுக்கு மேல. இதை அப்பாகிட்ட விளக்கிட்டிருக்கேன், அவர் பாதியிலயே நிறுத்திட்டார். "இது பின்பாரம்லா. மாட்டு வண்டியில பின்பாரம் ஏத்துனா நுகத்தடி மேல தூக்கும், மாட்டுக்குக் காலு தரையில நிக்காது. வண்டியும் ஆடும். சின்னப் பிள்ளைக்கும் தெரியுமே." நான் ரெண்டு மாசம் யூடியூப்ல பார்த்தது அவருக்கு ரெண்டு நிமிஷம்.

சரி, முன்பாரமா மாத்திட்டா முடிஞ்சுதான்னா, இல்ல. அங்கதான் எனக்குப் புரியாம இருந்த விஷயம் வருது. டிரைவர் கதவைத் திறந்தா கதவு நிலையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், மஞ்சளும் வெள்ளையுமா. டயர் காத்து அளவு போட்டிருக்கும். அதே ஸ்டிக்கர்ல இன்னொரு வரி: ஆளுங்க, சாமான் எல்லாம் சேர்த்து இவ்ளோ எடைக்கு மேல போகக் கூடாது. எங்க கார்ல அது 1,240 பவுண்டு. 560 கிலோ. வாங்கி ரெண்டு வருஷம், ஒரு தடவை கூட நான் அதைப் படிச்சதில்ல.

இப்போ கூட்டுங்க. நான் 180, மனைவி 140, பசங்க ரெண்டு பேரும் 130, அப்பா 150, அம்மா 130. ஆளுங்க மட்டும் 730. டிக்கியில சாமான், கூலர், அரிசி, குக்கர், அம்மாவோட இட்லிப் பானை எல்லாம் 200. கொக்கி இரும்பு 30. ஆச்சு 960. மிச்சம் 280. அது மேல டிரெய்லர் மூக்கு 480 வைக்குது. அதாவது தப்பா ஏத்தின நிலையிலயே 200 பவுண்டு ஜாஸ்தி. சரியா ஏத்தி மூக்குக்கு 700 குடுத்தேன்னா 420 ஜாஸ்தி. குறைச்சா வால் ஆடும், கூட்டினா கார் தாங்காது. அந்த ஆறு பேரோட அந்த டிரெய்லரை அந்த கார் இழுக்கவே கூடாது. விளம்பரத்துல போடற 7,500 பொதுவா கார்ல ஒண்ணு ரெண்டு பேர் மட்டும் உக்காந்திருக்கிற கணக்கு. இழுக்கிற சக்தி இன்ஜினோடது. தாங்கற சக்தி ஆக்சில், டயர், சஸ்பென்ஷன் இதோடது. ரெண்டும் வேற வேற நம்பர், விளம்பரத்துல ஒண்ணுதான் பெருசா வரும்.

இது ஏன் எனக்கு முன்னாடியே தெரியல? சாதாரண காரா இருந்தா தெரிஞ்சிருக்கும். பாரம் ஜாஸ்தியானா பின்பக்கம் உக்காந்து மூக்கு தூக்கும், ஹெட்லைட் மரத்தைப் பார்க்கும். எங்க கார்ல ஏர் சஸ்பென்ஷன். எவ்ளோ ஏத்தினாலும் காத்தடிச்சு மட்டமா நிறுத்திடும். பார்க்க அழகா இருக்கும். ஆனா மட்டமா நிக்குதுங்கிறதால முன் சக்கரத்துல இருந்து போன எடை திரும்பி வந்துடாது. ஸ்டீயரிங்குக்கு வேண்டிய பிடி குறைஞ்சேதான் இருக்கும். சத்தம் வராது, ஆட்டம் தெரியாது, இன்ஜின் முனகாது, பின்பக்கம் தொங்காது. ரோட்டை நமக்குத் தெரியாம மறைக்கிறதுக்குத்தான் நாம அவ்ளோ காசு குடுக்கிறோம். டிரெய்லர் இழுக்கும்போது மட்டும் அது தெரிஞ்சே ஆகணும்.

இன்னொண்ணு, வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச்னு ஒரு சாமான் இருக்கு. மூக்கு எடையை முன் சக்கரத்துக்கும் டிரெய்லர் சக்கரத்துக்கும் கொஞ்சம் பிரிச்சு அனுப்பும். டிரக் வச்சிருக்கிறவங்க அதைப் போடச் சொல்லுவாங்க. எல்லா காருக்கும் அது ஆகாது. சில ஐரோப்பிய கார்களோட மேனுவலே வேண்டாம்னு சொல்லுது. மேனுவலைப் பார்க்காம யார் பேச்சையும் கேக்காதீங்க, என் பேச்சு உட்பட.

அப்புறம் என்ன பண்ணோம்னா, அங்கேயே தண்ணியைத் திறந்துவிட்டோம். சைக்கிளை உள்ள கொண்டுவந்து ஆக்சிலுக்கு முன்னாடி கட்டினோம். பார்ஸ்டோ வரைக்கும் 50-ஐத் தாண்டல. அப்பவும் ஓவர்லோடுதான், வேற வழி இல்ல. ராத்திரி அங்க தங்கி, காலையில என் மனைவி போய் ஒரு கொரோல்லாவை வாடகைக்கு எடுத்துட்டு வந்தா. அதுல அவ, அப்பா, அம்மா, பாதி சாமான். பெரிய கார்ல நானும் பசங்களும். எல்லாம் சேர்த்து 1,240-க்குள்ள வந்துச்சு. அவ்ளோ விலை குடுத்து வாங்கின கார், அதுக்குத் துணைக்கு ஒரு கொரோல்லா. கேன்யன் போய்ச் சேர்ந்தோம், சவுத் ரிம்ல டிரெய்லர் வில்லேஜ்ல மூணு நாள் தங்கினோம். அம்மா விளிம்புகிட்ட வரவே மாட்டேன்னுட்டாங்க, பத்தடி தள்ளி நின்னே பார்த்தாங்க. திரும்பும்போது எந்தக் கார்ல ஏறப் போறீங்கன்னு கேட்டா அம்மா உடனே "சின்னதுல"ன்னாங்க. "அதுல ரோடு தெரியுது."

ஊர்ல இருந்து கேக்கறவங்களுக்கு டிரெய்லர் இல்லைன்னாலும் இந்தக் கணக்கு உண்டு. ஏழு பேர், டிக்கி ஃபுல், மேல கேரியர்ல நாலு பெட்டின்னு கொடைக்கானல் ஏறுறீங்கள்ல? உங்க காருக்கும் மொத்த எடைக்கு ஒரு எல்லை இருக்கு. மேனுவல்ல இருக்கும், ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

டிரெய்லரை வித்தாச்சு. இப்போ 3,500 பவுண்டு வர்ற மாதிரி ஒண்ணு பார்த்துட்டிருக்கோம், நாங்க நாலு பேருக்கு மட்டும். கார் அப்படியே இருக்கு, எனக்கு இன்னும் பிடிக்கும். அப்பா அம்மா மறுபடி வந்தா ரெண்டு கார்தான், அது வீட்டுல முடிவாயிடுச்சு. அடுத்த எபிசோட்ல என் மனைவி வர்றா, அந்தப் பெட்ரோல் பங்க் ரிவர்ஸ் கதையை அவ பக்கத்துல இருந்து சொல்லணுமாம். நான் குறுக்க பேசக் கூடாதுன்னு இப்பவே கண்டிஷன். கேள்வி இருந்தா அனுப்பி வைங்க, பார்க்கலாம்.