பெட்டி அவர்களிடம், சாவி யாரிடம்?

(மைசூரில் நடைபெற்ற சங்கக் குடும்பக் கூட்டத்தில் ரயில்வே எழுத்தரான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



நம் கூட்டம் என்றால் கூலி, ரேஷன் கார்டு, மனைப்பட்டா என்றுதான் பேசுவோம். இன்றைக்குச் செல்போனைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் சில தோழர்கள் முகம் சுளித்தார்கள். "பிள்ளைகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கெடுவது போதாதா, நீங்கள் வேறு அதற்கு மேடை போட வேண்டுமா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நான் அவரைத் திருப்பிக் கேட்டேன்: "ஐயா, உங்கள் ஆதார் நகல் எங்கே இருக்கிறது? பேத்தி பிறந்த அன்று எடுத்த படம் எங்கே? ஆறு வாரக் கூலி பாக்கியை அடுத்த மாதம் தருகிறேன் என்று மேஸ்திரி வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாரே, அது எங்கே?" பெரியவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார்.

ஆம் தோழர்களே, நம்முடைய டிரங்குப் பெட்டி இப்போது சட்டைப் பைக்கு வந்துவிட்டது.

டிரங்குப் பெட்டியின் அருமை நமக்குத் தெரியும். 1991 ஜூனில் காவிரி நடுவர் மன்றம் இடைக்காலத் தீர்ப்பு அளித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர் வட்டாரத்திலும் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். அப்போது நான் பள்ளிச் சிறுவன். அப்பா ரேஷன் கார்டு, சர்ட்டிபிகேட்டுகள், கல்யாணப் படம் எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுப் பூட்டி, பக்கத்து வீட்டுக் கன்னட அம்மாவிடம் கொடுத்தார். நாங்கள் ஈரோட்டுக்கு ரயில் ஏறினோம். மூன்று வாரம் கழித்துத் திரும்பினால் வீட்டில் ஒரு பாத்திரம் இல்லை. பெட்டி மட்டும் பூட்டியபடியே இருந்தது. அந்த அம்மா தங்கமான மனுஷி. ஆனாலும் அப்பா பூட்டித்தான் கொடுத்தார். அந்த அம்மாவும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. சாவி என் தாயின் இடுப்பிலே இருந்தது.

இப்போது இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

ஹெப்பால் தொழிற்பேட்டைப் பக்கம் கட்டட வேலை செய்த ஒரு தோழர், நாலு மாதம் தினமும் ஆஜர் நோட்டைப் படம் பிடித்து வைத்திருந்தார். புத்திசாலித்தனமான காரியம். ஆனால் போன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. நகல் எங்கும் இல்லை. லேபர் ஆபீசில் போய் நின்றபோது கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. மேஸ்திரி சொன்னதுதான் கணக்கு என்று ஆகிவிட்டது.

இரண்டாவது, ஊதுபத்தி உருட்டும் ஒரு சகோதரியின் விஷயம். புதுப் போன் வாங்கினார். கடைப் பையனே ஜிமெயில் கணக்கு திறந்து கொடுத்தான். பாஸ்வேர்டு அவன் போட்டது. மறந்தால் மீட்பதற்கான எண்ணும் அவனுடையது. சகோதரி எடுத்த ஒவ்வொரு படமும் தானாகவே அந்தக் கணக்கில் போய்ச் சேர்ந்தது. நகல் பத்திரமாகத்தான் இருந்தது, ஆனால் அவன் கையில்! ஒரு நாள் படமொன்றைக் காட்டிப் பணம் கேட்டான். இரண்டு மாதம் யாரிடமும் சொல்லாமல் அந்தப் பெண் பணம் கொடுத்திருக்கிறார். பிறகு நம் மகளிர் தோழர்கள் தலையிட்டு விஷயத்தைத் தீர்த்தார்கள். எப்படித் தீர்ந்தது என்று இங்கே சொல்ல மாட்டேன். அவர் இந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம்.

நகல் இல்லாமல் ஒருவர் கெட்டார். நகல் அந்நியன் கையில் இருந்ததால் இன்னொருவர் கெட்டார். ஆகவே நகலும் வேண்டும், அதைத் திறக்கும் சாவி நம்மிடம் மட்டும் இருக்கவும் வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். இதற்கு வழி இருக்கிறது.

ரயில் நிலையத்துக் கிளோக் ரூமை எடுத்துக்கொள்ளுங்கள். பூட்டாத பெட்டியை நாங்கள் வாங்குவதில்லை, அது விதி. பூட்டிக் கொடுத்தால் ரசீது தருகிறோம். உள்ளே பட்டுப் புடவையா பழைய செருப்பா என்று எழுத்தருக்குத் தெரிய வேண்டியதில்லை. சாவி பயணியிடம் இருக்கிறது. செல்போனில் 'எண்ட் டு எண்ட் என்கிரிப்ஷன்' என்று சொல்கிறார்களே, அதன் பொருள் இவ்வளவுதான். போனை விட்டுப் போகும் முன்பே பூட்டப்படுகிறது. தூரத்துக் கம்ப்யூட்டரில் பெட்டி இருக்கும், சாவி இராது. ஆனால் கூகுள் போட்டோஸ் போன்றவற்றில் நடப்பது வேறு. அங்கேயும் பூட்டு உண்டு, ஆனால் சாவியும் கம்பெனியிடமே இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. 2016 முதல் அதில் நாம் பேசுவது பூட்டப்பட்டே போகிறது. ஆனால் அதன் பேக்கப் கூகுள் டிரைவுக்குப் போகும்போது அந்தப் பூட்டு கூடப் போவதில்லை. 2021 அக்டோபரில்தான் பேக்கப்பையும் பூட்டும் வசதி வந்தது. அதுவும் நாமாக இயக்கினால்தான் வேலை செய்யும். செட்டிங்ஸ், அதில் சாட்ஸ், அதில் சாட் பேக்கப், அதன் கீழே எண்ட் டு எண்ட் என்கிரிப்டட் பேக்கப். நாலு இடத்தில் விரல் வைத்தால் போதும். பாஸ்வேர்டு ஒன்றை நாமே போடலாம், அல்லது அது தரும் 64 இலக்கச் சாவியை எழுதிக்கொள்ளலாம்.

"நாம் என்ன திருட்டுத்தனமா செய்கிறோம், யார் பார்த்தால் என்ன?" என்று ஒரு தோழர் கேட்டார். அந்தக் காலத்தில் ஊருக்கு இன்லண்ட் லெட்டர் எழுதினோமே, மூன்று பக்கமும் ஒட்டித்தானே போட்டோம்? அதிலென்ன தேசத் துரோகமா எழுதினோம்? அம்மாவின் மூட்டுவலியும் தம்பியின் பரீட்சையும் எழுதினோம். அந்தக் கடிதங்களைப் பிரிக்க அரசுக்கு மேலும் அதிகாரம் தரும் மசோதா 1986இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதில் கையெழுத்துப் போடாமலே வைத்துக்கொண்டார். 1988 ஆகஸ்டில் இந்தக் கர்நாடகத்தின் முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். எதற்காக? தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாருக்காக. 2017 ஆகஸ்ட் 24இல் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. தள்ளாத வயதில் அவர் நமக்கும் சேர்த்து வாங்கித் தந்த உரிமை அது. நாம் அதை நாலு பட்டன் தட்டிப் பயன்படுத்தக்கூடாதா?

சாவி கம்பெனியிடம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு குஜராத்தில் ஒரு வழக்கு இருக்கிறது. ஓர் இன்ஜினியர் தன் பழைய குடும்பப் படங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றினார். அதில் ஒன்று, இரண்டு வயதில் பாட்டி அவரைக் குளிப்பாட்டும் படம். இயந்திரம் அதைக் குழந்தை வதைப் படம் என்று முடிவு கட்டியது. 2023இல் கணக்கே முடக்கப்பட்டது. ஈமெயிலும் போயிற்று, தொழிலும் தடைப்பட்டது. அவர் உயர்நீதிமன்றம் போனார், 2024 மார்ச்சில் கம்பெனிக்கு நோட்டீஸ் போயிற்று. அவர் படித்தவர், வக்கீல் வைத்தார். நம் வீட்டிலும் குழந்தையைக் குளிப்பாட்டும் படம் இருக்கிறது. நம்மில் யார் வக்கீல் வைப்பது?

படங்களுக்கு வேறு இடங்கள் இருக்கின்றன. 'என்டே' என்ற செயலி இங்கே பெங்களூரில் கிளம்பியது. படங்களைப் போனிலேயே பூட்டித்தான் அனுப்புகிறது. அதன் நிரல் எவரும் பார்த்துச் சோதிக்கும்படி வெளியிடப்பட்டிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் 'புரோட்டான் டிரைவ்' இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் இடம் இலவசம், மேலே வேண்டுமென்றால் காசு. காசு கொடுக்க வேண்டாம், முதலில் காலை வணக்கம் ரோஜாப் பூப் படங்களையெல்லாம் அழியுங்கள், பாதி இடம் மிச்சமாகும். (சிரிப்பு)

ஆனால் இவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. பெண் ஊழியர்களுக்கு ஆபாச மெயில் வந்த வழக்கு ஒன்றில், புரோட்டான் மெயிலைத் தடுக்கும்படி 2025 ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றமே உத்தரவிட்டது. எந்தக் கடையும் ஒரு நாள் மூடலாம். எனவே இரண்டாவது நகல் வீட்டில் இருக்கட்டும். போனில் சொருகும் பென் டிரைவ் போதும். அதற்குப் பூட்டு இல்லையென்றால் பீரோவுக்கு இருக்கிறது. ஆனால் கம்ப்யூட்டர் சென்டரில் கொடுத்து ஏற்றச் சொல்லாதீர்கள். ஆதார், ரேஷன் கார்டு போன்றவை டிஜிலாக்கரில் இருந்தால் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். செத்துப்போன அப்பாவின் குரலை எந்த அரசாங்கமும் மறுபடி தராது. முதலில் எதைப் பத்திரம் செய்வது என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்.

இந்தப் பூட்டில் ஒரு கஷ்டமும் இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். போன் தொலைந்து பாஸ்வேர்டும் மறந்தால் கம்பெனிக்காரனாலும் திறக்க முடியாது. கொரோனாவில் நம் தோழர் ஒருவர் போய்ச் சேர்ந்தார். அவர் போனைத் திறக்கத் தெரியாமல் மனைவி இன்றும் அதைச் சார்ஜ் போட்டு வைத்திருக்கிறார். இரண்டு ஆண்டு தொடாத கணக்கை அழிக்கலாம் என்பது 2023 டிசம்பர் முதல் கூகுளின் விதி. எனவே சாவியை நோட்டில் எழுதுங்கள், மனைவிக்குத் தெரிய எழுதுங்கள். இதைச் சொன்னதும் சில தோழர்கள் தரையைப் பார்க்கிறார்கள். அவர்கள் பிரச்சினைக்கு என்னிடம் செயலி எதுவும் இல்லை!

கடைசியாக நம் சங்கத்தைப் பற்றி. கட்டடத் தொழிலாளர் நல வாரியத்துக்கு மனு போட, எல்லோரையும் வாட்ஸ்அப் குழுவில் ஆதார் படம் அனுப்பச் சொன்னோம். அது நம் தவறு, சொன்னவர்களில் நானும் ஒருவன். குழுவில் ஒருவருடைய பேக்கப் திறந்து கிடந்தால் அத்தனை பேருடைய ஆதாரும் திறந்து கிடக்கும். இனி மனுக்களை ஆபீசிலேயே நேரில் வாங்குவதென்று நிர்வாகக் குழு முடிவு செய்திருக்கிறது. பழைய படங்களை உங்கள் உங்கள் போனிலிருந்து அழித்துவிடுங்கள்.

வரும் ஞாயிறு மாலை நாலு மணிக்குப் போனும் ஒரு நோட்டும் பேனாவும் கொண்டு வாருங்கள். கடைக்காரர் திறந்து கொடுத்த கணக்கு உள்ளவர்கள் முதல் வரிசையில் உட்காருங்கள். முதலில் உங்கள் பாஸ்வேர்டையும் மீட்பு எண்ணையும் மாற்றிவிடுவோம். தாய்மார்களுக்கு மகளிர் குழுப் பெண்களே சொல்லித் தருவார்கள். புதுப் பாஸ்வேர்டை நீங்கள் எழுதும்போது சொல்லித் தருபவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். அது நானாக இருந்தாலும் சரி, திருப்பாவிட்டால் திருப்பச் சொல்லுங்கள்.