ஊமை அடியும் மூச்சுக் கணக்கும்



கச்சிராயப்பாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் ஆலைகளில் அரவை தொடங்கிவிட்டால், கள்ளக்குறிச்சி மாவட்டத்துச் சாலைகளில் கரும்பு டிராக்டர்கள் வரிசை கட்டிவிடும். பின்விளக்கு இல்லாத டிரெய்லரில் போய் மோதும் மோட்டார் சைக்கிள், வரப்பேறிக் கவிழும் டிராக்டர், மேலே கல்வராயன் மலையில் கடுக்காய் பறிக்க மரமேறித் தவறி விழுகிறவர் என்று விபத்துகள் பலவிதம். ஆனால் அடி நெஞ்சில் பட்டால் எல்லாம் ஒரே கதைதான்.

கை முறிந்தால் கோணிக்கொண்டு தெரியும். மண்டை உடைந்தால் ரத்தம் கொட்டும். நெஞ்சில் விழுவது பெரும்பாலும் ஊமை அடி. சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. ஆள் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லப்பா, கொஞ்சம் மூச்சு வாங்குது, அவ்வளவுதான்" என்பார். சுற்றி நிற்பவர்கள் முழங்கைச் சிராய்ப்புக்கு மருந்து தேடிக்கொண்டிருப்பார்கள். கவனிக்க வேண்டியது முழங்கையை அல்ல, அந்த மூச்சை.

உள்ளே என்ன நடக்கிறது? உடைந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் குத்திவிடுகிறது. நுரையீரலுக்கும் நெஞ்சுக் கூட்டுக்கும் இடையே காற்று கசிகிறது. சில சமயம் அந்தக் கிழிசல் சைக்கிள் டியூப் வால்வைப் போல வேலை செய்யும்: காற்று உள்ளே போகும், வெளியே வராது. ஒவ்வொரு மூச்சிலும் அழுத்தம் ஏறி, அந்தப் பக்க நுரையீரல் சுருங்கி, இதயமும் ரத்தக் குழாய்களும் மறுபக்கம் தள்ளப்படும். இதயத்துக்கு ரத்தம் திரும்பி வருவது குறைந்து, ரத்த அழுத்தம் சரியும். காற்றுக்குப் பதில் ரத்தமும் தேங்கலாம். ஒரு பக்க நெஞ்சுக்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் சேர இடமிருக்கிறது. வெளியே ஒன்றும் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி வேண்டாம், கைப்பேசியில் இருக்கும் கடிகாரம் போதும். அடிபட்டவரிடம் சொல்லாமல், ஒரு முழு நிமிடம் அவர் நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ணுங்கள். அமைதியாக இருக்கும் பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரை இருக்கும். பயத்தில் சற்றுக் கூடலாம். 30-ஐத் தொட்டால் ஆபத்து. பத்து நிமிடம் கழித்து மறுபடி எண்ணுங்கள். 22 இருந்தது 28 ஆகியிருந்தால், ஆள் பேசிக்கொண்டிருந்தாலும் நிலைமை மோசமாகிறது என்று பொருள். சட்டையைத் திறந்தும் பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரேபோல் ஏறுகிறதா? நெஞ்சில் ஒரு பகுதி மட்டும் மூச்சு இழுக்கும்போது உள்வாங்குகிறதா? தோலைத் தொட்டால் அடியில் முறுமுறுவென்று இருக்கிறதா? அப்படியிருந்தால் தோலுக்கடியில் காற்று ஏறியிருக்கிறது.

108 ஆம்புலன்ஸை அழைக்கும்போது "மூச்சு நிமிஷத்துக்கு 34, ஏறிக்கிட்டே இருக்கு" என்று சொல்லிப் பாருங்கள். "சீக்கிரம் வாங்க" என்று பத்து முறை கத்துவதைவிட அது உதவும். வண்டியில் வரும் உதவியாளர் ஆக்சிஜன் கொடுப்பார், ரத்த அழுத்தம் பார்ப்பார், போகும் ஆஸ்பத்திரிக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

மலையில்தான் சிக்கல். வண்டி போகாத குக்கிராமத்திலிருந்து ஆளைத் தூளி கட்டித் தூக்கி வரும் வழக்கம் தெரிந்ததே. வேறு வழியில்லாத இடத்தில் அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தூளியில் உடம்பு மடங்குகிறது, நெஞ்சு நெருக்கப்படுகிறது, முகமும் தெரிவதில்லை. கயிற்றுக் கட்டில் நல்லது. கழுத்து, முதுகு வலியோ கால் மரத்தலோ இல்லாதவரை அதில் சாய்த்து உட்கார வைக்கலாம். மரத்திலிருந்து விழுந்து முதுகு வலிக்கிறதென்றால், உடம்பை வளைக்காமல் மட்டமாகப் படுக்க வைத்தே தூக்க வேண்டும். இரண்டு பேருக்கு நடுவே மோட்டார் சைக்கிளில் நெருக்கி உட்கார வைத்து வெள்ளிமலைக்கு இறக்குவது வேண்டவே வேண்டாம். சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓர் ஆளை முன்னால் ஓடவிட்டால், கட்டில் தார்ச் சாலைக்கு வரும்போது வண்டியும் வந்து சேரலாம்.

குத்தியிருக்கும் கம்பியை, மாட்டுக் கொம்பின் முறிந்த துண்டை, யாரும் பிடுங்கக் கூடாது. அசையாமல் இருக்கச் சுற்றிலும் துணி வையுங்கள். நெஞ்சில் திறந்த காயம் இருந்தால் பிளாஸ்டிக் வைத்து முழுக்க அடைக்காதீர்கள். மூன்று பக்கம் ஒட்டி ஒரு பக்கம் விடச் சொன்ன பழைய பாடத்தையும், 2015-க்குப் பின் பொதுமக்களுக்கான முதலுதவி வழிகாட்டுதல்கள் கைவிட்டுவிட்டன. காற்று வெளியேற வழி இருக்கட்டும், ரத்தம் கொட்டினால் மட்டும் துணியால் அழுத்துங்கள். தண்ணீரோ சோடாவோ கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சை தேவைப்படலாம்.

விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டுப் போடுவதை மட்டும் நம் ஊரில் விட மறுக்கிறார்கள். வலி குறைவது உண்மைதான். ஆனால் ஆழ மூச்செடுக்க முடியாமல் சளி தங்கி, சில நாளில் நிமோனியா வந்து நிற்கும்.

கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ, கருமந்துறைப் பக்கத்தார் என்றால் சேலத்திலோ, மருத்துவர் விலா இடுக்கில் ஒரு குழாய் செருகி, காற்றையும் ரத்தத்தையும் வடித்துவிடுவார். நெஞ்சு அடிகளில் பெரும்பாலானவை இந்தக் குழாயோடும் ஆக்சிஜன், வலி மருந்தோடும் தீர்ந்துவிடுகின்றன. நெஞ்சைத் திறக்கும் அறுவை சிகிச்சை சிலருக்குத்தான். சாலை விபத்தென்றால் பணம் புரட்ட வீட்டுக்கு ஓட வேண்டியதில்லை. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். கொண்டுபோய்ச் சேர்த்தவருக்கு, மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு பாதுகாப்பு தருகிறது.

வீடு திரும்பியதும் வலி மாத்திரையை ஒழுங்காகப் போடுங்கள். வலி அடங்கினால்தான் இருமிச் சளியைத் துப்ப முடியும். இருமும்போது ஒரு தலையணையை விலாவோடு அணைத்துக்கொண்டால் வலி தாங்கும். காய்ச்சல் வந்தாலோ, மூச்சு மறுபடி வாங்கத் தொடங்கினாலோ, சீட்டில் குறித்த தேதி வரட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே கிளம்புங்கள்.