ஒலியை முந்தும் இறக்கை

(சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களுகங்கையில் மெல்லச் செல்லும் தோணிக்கு முன்னே சிற்றலைகள் ஓடுவதைக் கண்டிருப்பீர்கள். தோணி அவ்வலைகளினும் விரைந்து சென்றால், நீர் விலக அவகாசமின்றி முகப்பில் ஆப்புப்போலக் குவியும். ஆகாயத்திலும் இவ்வாறே. கடல்மட்டத்தில் ஒலி மணிக்கு ஏறக்குறைய 1,225 கிலோமீற்றர் செல்லும். அதை முந்தும் விமானத்தின் முன் காற்று அதிர்ச்சி அலையாகத் திரளுகிறது. அவ்வலையை உண்டாக்குவதிலேயே இயந்திரத்தின் சக்தியில் பெரும் பங்கு வீணாகிறது.

இவ்வீண்செலவைக் குறைப்பதே இறக்கை அமைப்போரின் வேலை. இறக்கையை மெல்லியதாக்கிப் பின்னோக்கிச் சாய்த்தால், முன்விளிம்பை நேர்குறுக்காகத் தாக்கும் காற்றின் வேகம் குறையும், அலையும் தணியும். ஆயினும் அத்தகைய இறக்கை, மெதுவாகத் தரையிறங்கும் வேளையில் போதிய தூக்குவிசை தருவதில்லை. இவ்விரு தேவைகளையும் ஓரளவு இணைத்து வைப்பது முக்கோண இறக்கை. மூக்கை உயர்த்தி இறங்கும்போது, அதன் முன்விளிம்பில் எழும் காற்றுச்சுழல் மேற்புறத்தில் அழுத்தத்தைக் குறைத்து விமானத்தைத் தாங்குகிறது. 1976 முதல் 2003 வரை ஒலியைப் போல் இருமடங்கு வேகத்திற் பயணிகளை ஏற்றிச் சென்ற கொன்கோர்ட் விமானத்தின் இறக்கையும் இவ்வினத்ததே.

நமது அயல்நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. ஜெர்மானிய நிபுணர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான ‘மாருத்’ 1961 யூன் 17ஆந் திகதி முதன்முதற் பறந்தது. ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தை எண்ணி அமைத்த விமானம் அது. இறக்கை தக்கதாக இருந்தும் எதிர்பார்த்த வலிய இயந்திரம் கிடைக்கவில்லை. ஆகவே ஒலியின் வேகத்தை ஒட்டியே நின்றுவிட்டது. பின்னர் அதே நகரில் உருவான, வாலிறக்கையற்ற முக்கோண வடிவுடைய ‘தேஜஸ்’ 2003 ஓகஸ்ட் 1ஆந் திகதி ஒலியை முந்தியது. ஆனால் அதுவும் இன்றளவும் அமெரிக்க இயந்திரத்தின் பலத்திலேயே பறக்கிறது.

பெரியோர்களே, நமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இறக்கை இல்லையென்று நான் நம்பவில்லை. குறைவது இயந்திரமே. பல தோட்டப் பாடசாலைகளில் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்க ஆசிரியர் இல்லை. சாதாரண தரம் எழுதிய பிள்ளையைக் கொழும்புக் கடைக்கு வேலைக்கு அனுப்புமுன் இன்னும் இரண்டாண்டு பொறுத்திருங்கள். சனிக்கிழமை மாலைகளில் சங்க மண்டபத்தைக் கணித வகுப்புக்குத் திறந்துவிடுங்கள். விடுமுறை நாட்களில் பாடஞ் சொல்ல நானும் என் தோழர்களும் ஆயத்தமாயிருக்கிறோம்.