தனக்குத் தானே கைகாட்டும் அணுக்கள்

(செங்கற்பட்டில் நடைபெற்ற சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் செங்கற்பட்டு இரயில் சந்திப்பை அறியாதார் இங்கு இலர். அக்காலத்தில் கைகாட்டி, இக்காலத்தில் விளக்கு. எதுவாயினும் அடையாளம் கிடைத்தாலன்றி வண்டி புறப்படுதல் இல்லை.

நம் உடலகத்தும் இம்முறையே நடைபெறுகின்றது. எலும்பு மஜ்ஜையிலே குருதியணுக்கள் பிறக்கின்றன. 'பெருகுக' என்னும் ஏவல் வெளியிலிருந்து வரும்; அணு பெருகும்; தேவை முடிந்ததும் ஏவல் நிற்கும். இரத்தப் புற்றிலோ இவ்வொழுங்கு கெடுகின்றது. சிலவகைப் புற்றணுக்கள் ஏவற்பொருளைத் தாமே சுரந்து, தாமே ஏற்றுப் பெருகுகின்றன. வேறு சிலவற்றில், ஏவல் வாராதிருந்தும் வந்ததுபோல் உட்கருவி ஓயாது இயங்குகின்றது. வண்டி ஓட்டுபவரே கைகாட்டியையும் இழுத்துக்கொள்வாராயின் விளைவு யாதாகும்?

இவ்விரண்டாம் வகைக்குச் சான்று நாட்பட்ட மைலாய்ட் இரத்தப் புற்று. 1960-இல் பிலடெல்பியா நகரில் நோவெல், ஹங்கர்போர்டு என்னும் இருவர் இந்நோயாளரின் அணுக்களில் குறுகிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் தம்முள் துண்டு மாற்றிக்கொண்டதே அதன் காரணம் என 1973-இல் ஜேனட் ரௌலி அம்மையார் விளக்கினார். அவ்வொட்டினால் பிறக்கும் புதுப் புரதமே ஓயாத ஏவலைத் தருவது. அப்புரதம் இயங்கும் இடத்தை அடைப்பது இமாட்டினிப் என்னும் மாத்திரை. 2001-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதற்குக் காப்புரிமை கோரிய விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006-இல் மறுத்தது; 2013-இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. ஆதலின் நம் நாட்டு நிறுவனங்கள் செய்யும் மலிவான மாத்திரை எளியோர்க்கும் எட்டுகின்றது.

மருந்து எட்டியும் நாம் எட்டாமல் நிற்பதேன்? 'பெண்ணின் மணம் தடைப்படுமே' என்று நம் இல்லங்களில் நோயை மறைக்கின்றோம். நன்கு கேண்மின்: இப்பிழை பெற்றோர் தந்ததன்று, பிறந்தபின் மஜ்ஜையின் ஓரணுவில் நேர்ந்தது. மக்கட்கு இறங்குவதும் அன்று. பிறர்க்குத் தொற்றுவதும் அன்று. பின் மணத்திற்குத் தடை யாது?

காரணமறியாச் சோர்வு, உடல் மெலிவு, இடப்பக்க விலாவின்கீழ் வீக்கம் இவை கண்டால், நம்மூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குருதியைச் சோதித்துக்கொள்க. நலம் கண்டவுடன் மருத்துவரைக் கேளாது மாத்திரையை நிறுத்தற்க.

தம் தங்கையைப் புற்றுநோய்க்கு இழந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அத்துயரை மூடி வைத்தாரிலர்; 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். மாமல்லபுரத்து உறவினர்க்கு அது கடற்கரைச் சாலைவழி நேரே வடக்கே உள்ளது. நோய்க்கு நாணுதல் வேண்டா, மறைத்தற்கே நாணுவோம்.