தானே கரையும் தையல் நூல்

(மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சென்ற ஷஅபான் மாதத்தில் நம் மஹல்லாவைச் சார்ந்த பெரியவர் ஒருவர் குடல்வால் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருந்தார். நலம் விசாரிக்கச் சென்ற நம்மிடம் தணிந்த குரலில், "ஹஜ்ரத், உள்ளே போட்ட தையல் தானே கரைந்துவிடுமாம். குளித்தால் முன்னதாகவே கரைந்துவிடாதா? கரைந்தது ரத்தத்தில் கலந்தால் கேடில்லையா?" எனக் கேட்டார். அன்று நம்மிடம் தெளிவான விடை இல்லை. பின்னர் மருத்துவ அன்பர்களிடம் கேட்டும், படித்தும் அறிந்ததையே இங்கே சமர்ப்பிக்கிறோம்.

உடலே அழித்துவிடும் நூல் நமக்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபா அருகே வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, விலங்கின் குடலிலிருந்து எடுத்த மெல்லிய நூலால் கிழிந்த குடலைத் தைப்பது பற்றித் தமது 'அத்தஸ்ரீஃப்' நூலில் எழுதியுள்ளார். அண்மைக்காலம் வரை மருத்துவமனைகளில் பரவலாகப் புழங்கிய 'கேட்கட்' நூலும் ஆடு, மாடுகளின் குடலில் செய்யப்பட்டதே. பெயரில்தான் பூனை இருக்கிறதே தவிர நூலில் இல்லை! அது புரதம். ஆதலால் உடலின் நொதிகள் அதனைச் செரித்துவிடுகின்றன. ஆனால் தைத்த இடத்தில் வீக்கமும் அழற்சியும் சற்று மிகுதி.

இன்று பெரிதும் பயன்படுவது ஆலையில் உருவாகும் பாலிமர் நூல். பாலிமர் என்பது சிறு மூலக்கூறுகள் தஸ்பீஹ் மணிகளைப் போல் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலி. 'விக்ரில்' எனும் நூலில் பத்தில் ஒன்பது பங்கு கிளைகாலிக் அமிலத்தின் வழி வந்தது. ஒரு பங்கு லாக்டிக் அமிலத்தின் வழி வந்தது. இது சர்க்கரை தண்ணீரில் கரைவதைப் போலக் கரைவதில்லை. 'கரையும்' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. உடலின் ஈரம் நூலுக்குள் ஊடுருவி, மணிக்கும் மணிக்கும் இடையிலுள்ள கண்ணிகளை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டுகள் மீண்டும் அமிலங்களாகின்றன. லாக்டிக் அமிலம் நாம் ஓடும்போது தசையில் உண்டாவது. தயிரைப் புளிக்க வைப்பதும் அதுவே. உடல் இவற்றை எரித்து, கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்றிவிடுகிறது. ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறும். வெட்டும் வேலையைச் செய்வது உடலுக்குள்ளேயே உள்ள நீர். நாம் தோலின்மேல் ஊற்றிக் குளிக்கும் நீர் அன்று. காயத்தை எத்தனை நாள் நனைக்காமல் வைக்க வேண்டும் என்பது வேறு விஷயம்; அதற்கு மருத்துவர் சொல்வதே கணக்கு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நூல் மறைவதற்கு வெகு முன்பே அதன் வலிமை போய்விடுகிறது. சங்கிலி அங்கங்கே அறுபட்டாலும் நூல் கண்ணுக்கு முழுதாகவே தெரியும். விக்ரில் இரண்டு வாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு வலிமையோடும், மூன்று வாரத்தில் பாதி வலிமையோடும் இருக்கும். முற்றிலும் மறைய 56 முதல் 70 நாட்கள் ஆகும். நூல் தளரத் தளர, சதை தானே கூடி அந்தப் பாரத்தை ஏற்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குப் புண் ஆறத் தாமதமாவதால், அவர்கள் கூடுதல் எச்சரிக்கையோடு இருப்பது அவசியம்.

மறைந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதய ரத்தக்குழாயில் வைத்த ஸ்டென்ட்டே சாட்சி. பாலிலாக்டிக் அமிலத்தால் ஆகி, சுமார் மூன்றாண்டில் மறையும் 'அப்ஸார்ப்' ஸ்டென்ட்டுக்கு 2016ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. உலோக ஸ்டென்ட்டைவிட ரத்தம் உறையும் ஆபத்து அதில் மிகுதி எனத் தெரியவந்தது. 2017இல் விற்பனை நின்றது.

இவற்றையெல்லாம் அறிந்துகொண்டு, இரண்டு வாரங்கள் கழித்து அந்தப் பெரியவரிடம் சொல்லச் சென்றோம். அவரோ, "அல்ஹம்துலில்லாஹ், அப்படியானால் இதுவும் போய்விடும்" என்று சட்டையை உயர்த்திக் காட்டினார். வெளித்தோலில் கருப்பு நூல் அப்படியே இருந்தது. சுற்றிலும் சிவந்து நீர் கோத்திருந்தது. அது நைலான். எத்தனை மாதமானாலும் கரையாது. குறித்த நாளில் சென்று பிரித்திருக்க வேண்டியது. சீட்டிலும் அந்தத் தேதி எழுதியிருந்தது. 'தையல் கரைந்துவிடும்' என்ற ஒரு சொல்லை இரண்டு தையலுக்கும் சேர்த்துப் புரிந்துகொண்டுவிட்டார். அன்று அஸருக்குப் பின் அவருடைய மகனோடு ஆட்டோவில் அழைத்துச் சென்று பிரித்து வந்தோம்.