கூடுவாஞ்சேரி எத்தனையாவது ஸ்டேஷன்?

தாம்பரம் பக்கம் தினமும் எலெக்ட்ரிக் ட்ரெயின்ல போறவங்களுக்கு இன்னைக்கு விஷயம் ரொம்ப ஈஸி. வெப் டெம்ப்ளேட்ல ஒரு அர்ரேல இருந்து, கீயை வெச்சு வேல்யூ எடுக்கிறது.

தாம்பரத்துல இருந்து செங்கல்பட்டு பக்கம் எண்ணுங்க. தாம்பரம் 0, பெருங்களத்தூர் 1, வண்டலூர் 2, ஊரப்பாக்கம் 3, கூடுவாஞ்சேரி 4. டெம்ப்ளேட்ல "4-ஐக் காட்டு"ன்னு எழுதினா கூடுவாஞ்சேரி வரும். சரி, வண்டலூருக்கு அடுத்து கிளாம்பாக்கத்தை லிஸ்ட்ல சேர்க்கிறோம். இப்போ 4 யாரு? ஊரப்பாக்கம்! எர்ரரே வராது. ஆனா பதிலு தப்பு.

அதனாலதான் கீ. ரயில்வே இதை எப்பவோ செஞ்சிடுச்சு: தாம்பரத்துக்கு டி.பி.எம்., கூடுவாஞ்சேரிக்கு ஜி.ஐ. சென்ட்ரலைப் பாருங்க. 1996-ல மெட்ராஸ் சென்னை ஆச்சு, 2019-ல ஸ்டேஷனுக்கு எம்.ஜி.ஆர். பேரு வந்துச்சு. கோடு மட்டும் இன்னும் எம்.ஏ.எஸ்.தான். வேல்யூ மாறலாம், கீ மாறக்கூடாது.

அடுத்து, எல்லாரும் தடுக்கி விழுற இடம். 'கோடு'ன்னு ஒரு வேரியபிள், அதுக்குள்ள ஜி.ஐ. இருக்கு. ஸ்டேஷன்ஸ், புள்ளி, கோடுன்னு எழுதினா, டெம்ப்ளேட் ஜி.ஐ.-யைத் தேடாது, 'கோடு'ங்கிற பேர்லயே ஒரு கீ இருக்கான்னு தேடும். ட்விக்லயும் ஜின்ஜாலயும் புள்ளிக்குப் பதிலா சதுர அடைப்புக்குறி போட்டா, வேரியபிளுக்குள்ள இருக்கிறதை எடுத்துக்கும். ஜாங்கோ டெம்ப்ளேட்ல அந்த அடைப்புக்குறி வேலை செய்யாது. சின்னதா ஒரு கஸ்டம் ஃபில்டர் எழுதணும், இல்லன்னா வியூலயே வேல்யூவை எடுத்து அனுப்பிடணும்.

சரி, கேட்ட கீ இல்லவே இல்லன்னா? பைத்தான் கோடுல கீ-எர்ரர்னு கத்தும். ஜாங்கோ, ஜின்ஜா டெம்ப்ளேட் ரெண்டும் வழக்கமான செட்டிங்ல கத்தாது. அந்த இடத்தைக் காலியா விட்டுடும். ராத்திரி கடைசி ட்ரெயினுக்கு ஓடி வர்றவங்க ஃபோன்ல "பிளாட்ஃபார்ம்:"னு மட்டும் இருந்தா என்ன பண்ணுவாங்க? அங்க டிஃபால்ட் ஃபில்டர் போட்டு "தகவல் இல்லை"ன்னு காட்டுங்க. பயணி அறிவிப்பையாவது காது கொடுத்துக் கேப்பார்.

அதுலயும் ஒரு கண்ணி இருக்கு. ஜாங்கோவோட டிஃபால்ட் ஃபில்டர் 0-வையும் 'ஒண்ணும் இல்லை'ன்னுதான் எடுத்துக்கும். தாமதம் 0 நிமிஷம், அதாவது வண்டி சரியான நேரத்துக்கு வருது. ஸ்கிரீன்ல "தகவல் இல்லை"! ஜின்ஜாலயும் ட்விக்லயும் 0 அப்படியே வரும். அதனால ஜாங்கோல எண்களுக்கு மட்டும், கீ இருக்கான்னு வியூலயே பார்த்துட்டு அனுப்புங்க.

இன்னைக்கு உங்க டெம்ப்ளேட்டைத் திறந்து மூணே மூணு டெஸ்ட் பண்ணுங்க: இருக்கிற கீ, இல்லாத கீ, வேல்யூ 0. மூணும் சரியா வந்தா, நிம்மதியா வண்டி ஏறலாம். அடுத்த எபிசோட்ல பார்ப்போம், மக்களே!