பாரம் இறங்கிய பின்னும் பயணம்



துன்பம் மனிதனைப் புடமிடும் என்பது பல சமயங்களுக்கும் பொதுவான கருத்து. கிறித்தவம் அதனை எங்ஙனம் நோக்குகிறது என்பதை ஜான் பனியனின் ‘மோட்சப் பிரயாணம்’, அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ண பிள்ளை இயற்றிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஆகிய இரு நூல்களின் வழியே காண விழைகிறேன்.

பனியன் இங்கிலாந்தில் பெட்ஃபோர்டு நகரை அடுத்த எல்ஸ்டோவில் 1628இல் பிறந்தவர். ஓட்டைப் பாத்திரங்களைச் செப்பனிடும் எளிய தொழிலாளி. அரசு ஏற்ற திருச்சபைக்குப் புறம்பே நின்று போதித்தமையால் 1660இல் சிறைப்பட்டார். இனிப் போதிப்பதில்லை என்று ஒரு சொல் கொடுத்திருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் கொடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. நாடாக்கள் செய்து விற்றுக் குடும்பத்தைக் காத்தார். பார்வையற்ற மகளை எண்ணி நெஞ்சு பிளந்ததை அவரே தம் வரலாற்றில் எழுதியுள்ளார். துன்பத்தைப் பற்றிப் பேசும் தகுதி அவருக்கு உண்டு.

1678இல் வெளிவந்த அவர் நூலில், முதுகில் பெரும் பாரம் சுமந்து ஒருவன் புறப்படுகிறான். அப்பாரம் எங்கே விழுகிறது? பயணத்தின் இறுதியில் அன்று; தொடக்கப் பகுதியிலேயே, சிலுவையின் முன்னர் விழுந்துவிடுகிறது. கடின மலையும், மரண நிழலின் பள்ளத்தாக்கும், உடன்வந்த தோழன் கொல்லப்படும் மாயச் சந்தையும் அதன் பின்னரே வருகின்றன. துன்பம் மீட்புக்குச் செலுத்தும் விலையாயின் இவ்வரிசை தலைகீழாக அன்றோ அமைந்திருக்கும்? என் கருத்தில் நூலின் உயிர்நாடி இவ்வரிசையே.

கரடுமுரடான பாதையை வெறுத்து மெல்லிய புல்வெளியில் இறங்கியவர்களே அவநம்பிக்கை அரக்கனின் கோட்டையில் அகப்படுகின்றனர். புதன் காலை முதல் சனி இரவு வரை அடியும் பட்டினியும். உயிரை மாய்த்துக்கொள்ளுமாறும் அரக்கன் தூண்டுகிறான். வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருந்ததைப் பயணி அதன் பின்னரே உணர்கிறான். அந்த இருட்டறையில் அவனுக்குப் புதிதாக எதுவும் கொடுக்கப்படவில்லை. முன்பே கையிலிருந்ததன் பயன் அங்கே விளங்கிற்று.

கிருஷ்ண பிள்ளை நெல்லைச் சீமையில் வைணவக் குடியில் 1827இல் தோன்றியவர், கம்பனில் ஊறியவர். 1858இல் திருமுழுக்குப் பெற்றார். 1894இல் வெளிவந்த தம் காப்பியத்தில் அவர் பனியனை அப்படியே பெயர்த்து வைக்கவில்லை. பனியனின் பயணி சிலுவையைக் கண்டு கடந்து செல்கிறான். கிருஷ்ண பிள்ளையோ குமார பருவத்தில் இயேசுவின் பாடுகளை விரித்துப் பாடுகிறார். ஆதலின் தமிழ்க் காப்பியத்தைப் படிப்பவர், பயணியின் துயரை ஆண்டவரின் துயரோடு வைத்தே காண்கிறார். இஃது அழகிய மாற்றம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். என் தாயார் வாதநோயால் படுக்கையில் கிடந்த காலத்தில், பார்க்க வந்தோர் பலர், “எல்லாம் நன்மைக்கே” என்று கூறி விடைபெற்றனர். நோயாளி தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளலாம். நலமுள்ளவர் நாற்காலியில் அமர்ந்து சொல்வது வேறு. விவிலியத்தில் யோபுவுக்கு விளக்கம் சொன்ன நண்பர்கள் மீதே கடவுள் சினங்கொண்டார். கேள்வி கேட்ட யோபுவின் மீது அன்று. பவுலடிகள் தம் உடலில் தைத்த முள் நீங்க மும்முறை மன்றாடினார். முள் நீங்கவில்லை, தாங்கும் அருள் கிட்டியது.

பனியனின் பயணம் முடியுமிடத்தில் ஓர் ஆறு குறுக்கிடுகிறது. பாலம் இல்லை. இத்தனை இடர்களைக் கடந்து வளர்ந்த அப்பயணி அந்நீரில் இறங்கியதும் அஞ்சுகிறான், மூழ்குகிறான், பழைய பாவங்களெல்லாம் நினைவில் எழக் கலங்குகிறான். அருகில் வந்த தோழன் நீண்ட அறிவுரையோடு தொடங்கவில்லை. கால் ஊன்றத் தரை தட்டுகிறது என்கிறான். கால் ஊன்றத் தரை தட்டுகிறது என்கிறான்.